ஓநாய் திரும்பினால் காடும் திரும்புமா?

யெல்லோஸ்டோன் ஓநாய்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1995-ல் அமெரிக்காவின் அந்தத் தேசியப் பூங்காவுக்கு ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அவை எல்க் மான்களை வேட்டையாடின, பயந்துபோன மான்கள் ஆற்றங்கரைகளை விட்டு விலகின, மேய்ச்சல் குறைந்ததும் கரையோர வில்லோ புதர்களும் ஆஸ்பென் மரங்களும் தழைத்தன, அவற்றைத் தேடி பீவர்கள் (மரத்தைக் கொறித்து வெட்டி ஓடையில் அணை கட்டும் விலங்குகள்) வந்து அணை கட்டின, பறவைகள் கூடின, கரைகள் உறுதியாயின, கடைசியில் ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது. 2014-ல் ஒரு சின்னக் காணொளி இதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. கேட்கும்போது மனசு நிறைகிறது என்பது உண்மை. ஆனால் இதில் முதல் பாதிக்குத்தான் நல்ல ஆதாரம் உண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு படியாகப் போகப்போக ஆதாரம் மெலிந்துகொண்டே வருகிறது, ஆறு போக்கை மாற்றியது என்ற இடத்துக்கு வரும்போது ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை.

இப்படிச் சொன்னதும் "அப்படியானால் ஓநாய் வேண்டாம் என்கிறீர்களா" என்று கேட்பார்கள். இல்லை, ஓநாய் அங்கே இருக்க வேண்டும் என்றுதான் உறுதியாக நினைக்கிறேன். அதனால்தான் இந்த அறிவியல் சண்டையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் நினைக்கிறேன். காட்டைச் சரிசெய்து தரும் என்று வாக்குக் கொடுத்து ஒரு விலங்கைக் கூட்டிவந்தால், காடு சரியாகாதபோது அதை வெளியே தள்ளுவதற்கான வாதத்தையும் நாமே எழுதிக் கொடுத்தவர்கள் ஆகிறோம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். யெல்லோஸ்டோன் 1872-ல் தேசியப் பூங்காவானது. ஓநாயும் பூமா என்ற பெரிய காட்டுப்பூனையும் அன்றைக்கு ஒழிக்க வேண்டிய பிராணிகள். பூங்கா ஊழியர்களே அவற்றைச் சுட்டார்கள், பொறி வைத்தார்கள், 1926-ல் அங்கே பிறந்த கடைசி ஓநாய்க் குட்டிகளும் கொல்லப்பட்டன. அதற்கப்புறம் எல்க் மான்கள் பெருகி மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்க்க, நிர்வாகமே மான்களைச் சுட வேண்டியதாயிற்று. 1961-62 குளிர்காலத்தில் மட்டும் 4,300-க்கு மேல் சுட்டார்கள். பொதுமக்கள் எதிர்ப்பால் 1960களின் கடைசியில் அது நின்றபோது பூங்காவின் வடக்குப் பகுதியில் 4,000-க்கும் குறைவான மான்களே இருந்தன. 1994-ல் அது சுமார் 19,000 ஆகிவிட்டது. 1995, 1996 இரண்டு குளிர்காலங்களிலும் கனடாவிலிருந்து மொத்தம் 31 ஓநாய்கள் வந்தன. 2003-ல் பூங்காவுக்குள் 174 ஓநாய்கள். 2013 வாக்கில் மான்களின் எண்ணிக்கை மறுபடியும் 4,000-க்குக் கீழே.

ஓநாய் ஏறியது, மான் இறங்கியது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதே ஆண்டுகளில் அங்கே வேறு என்னென்ன நடந்தது என்று பாருங்கள். பூமாக்கள் யாரும் கொண்டுவராமலேயே 1980களில் திரும்பியிருந்தன. கிரிஸ்லி கரடிகள் கூடின. யெல்லோஸ்டோன் ஏரியில் யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு டிரவுட் மீன் இனம் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்டது, அது உள்ளூர் டிரவுட்டைத் தின்று தீர்த்தது, உள்ளூர் மீனை நம்பியிருந்த கரடிகள் எல்க் கன்றுகளின் பக்கம் திரும்பின. பூங்காவின் வடக்கு எல்லைக்கு வெளியே பெண் மான்களைக் குறிவைத்த குளிர்கால வேட்டைக்கு மாநில அரசே அனுமதி தந்துகொண்டிருந்தது. அதோடு வறட்சி. 2005-ல் வுசெடிச், ஸ்மித், ஸ்டாலர் மூவரும் 1961 முதல் 2004 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்து, அதுவரையிலான வீழ்ச்சியைப் பெரும்பாலும் மனித வேட்டையும் தட்பவெப்பமுமே விளக்கிவிடுகின்றன என்று எழுதினார்கள். இதில் ஸ்மித் யார் தெரியுமா? யெல்லோஸ்டோன் ஓநாய்த் திட்டத்தை நடத்தியவரே அவர்தான். ஓநாய் விரோதிகள் கிளப்பிய சந்தேகம் இது என்று யாரும் தள்ளிவிட முடியாது. பிந்தைய ஆண்டுகளில் ஓநாயின் பங்கு கூடியிருக்கலாம், கூடியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பங்குதான், முழுக் காரணம் அல்ல.

மேலே இருக்கும் வேட்டை விலங்கை எடுத்தால் கீழே எல்லாம் மாறும் என்ற எண்ணம் கடலோரத்தில் பலமாக நிரூபிக்கப்பட்ட ஒன்று, அதைச் சொல்லிவிட வேண்டும். 1960-ல் ஹேர்ஸ்டன், ஸ்மித் (இவர் வேறு ஸ்மித்), ஸ்லோபாட்கின் என்ற மூன்று சூழலியலாளர்கள் உலகம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டு, தாவர உண்ணிகளை வேட்டை விலங்குகள் கட்டுப்படுத்துவதால்தான் என்றார்கள். ராபர்ட் பெயின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தார்; மஸ்ஸல் சிப்பிகள் பாறையை ஆக்கிரமித்து, 15 இனங்கள் இருந்த இடம் 8 ஆகச் சுருங்கியது. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கடல் நீர்நாய் இருக்கும் இடத்தில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசி காடாக அடர்ந்திருக்கிறது, இல்லாத இடத்தில் கடல் அர்ச்சின்கள் என்ற முள் உருண்டை உயிரிகள் கெல்ப்பை மொட்டையடித்துவிடுகின்றன என்று எஸ்டெஸும் பால்மிசானோவும் 1974-ல் காட்டினார்கள். 1990களில் அதே தீவுகளில் நீர்நாய்கள் மறுபடி சரிந்தபோது அர்ச்சின்கள் பெருகி கெல்ப் அழிந்தது. பெயினால் தன் கையால் எடுத்துப் பார்க்க முடிந்தது, எஸ்டெஸால் நீர்நாய் உள்ள தீவையும் இல்லாத தீவையும் ஒப்பிட முடிந்தது. யெல்லோஸ்டோன் ஒன்றே ஒன்றுதான். ஓநாய் வராத இன்னொரு யெல்லோஸ்டோன் பக்கத்தில் இல்லை.

சரி, மரங்களுக்கு வருவோம், சண்டை சூடாவது இங்கேதான். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரிப்பிளும் ராபர்ட் பெஷ்டாவும் 2000களிலிருந்து ஆஸ்பென், வில்லோ, காட்டன்வுட் மூன்றும் மீண்டுவருவதாகத் தொடர்ந்து எழுதினார்கள். எண்ணிக்கை குறைந்ததைவிட பயம்தான் முதல் காரணம், ஓநாய் எளிதாக மடக்கக்கூடிய இடங்களை மான்கள் தவிர்க்கின்றன என்பது அவர்களது ஆரம்ப வாதம். இது வெறும் கல்வித்துறை நுணுக்கம் இல்லை. பயம்தான் வேலை செய்கிறது என்றால் சில ஓநாய்களே போதும், விளைவும் சீக்கிரம் தெரியும், மான் வேட்டைக்காரர்களுக்கும் பெரிய இழப்பில்லை. எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் ஓநாய்கள் நிறைய வேண்டும், மான்கள் கணிசமாகச் சாக வேண்டும், அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். கொள்கை வகுப்பவருக்கு இவை இரண்டும் வேறு வேறு உலகங்கள்.

2010-ல் காஃப்மனும் சகாக்களும் இதை நேராகச் சோதித்தார்கள். ஓநாய் தாக்கும் ஆபத்து அதிகமுள்ள இடத்தில் ஆஸ்பென் அதிகம் வளர வேண்டும் அல்லவா? வளரவில்லை. வேலி போட்டு மான்களை நிறுத்திய இடத்தில்தான் வளர்ந்தது. 2018-ல் கோலின் குழு மான்களின் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைத் தரவுகளைப் பார்த்தபோது காரணம் கொஞ்சம் பிடிபட்டது: ஓநாய்கள் காலையிலும் மாலையிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கின்றன, அவை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து மான்கள் அதே ஆபத்தான இடங்களுக்கு வந்து மேய்ந்துவிட்டுப் போகின்றன. மான் பயப்படுகிறது, ஆனால் நேரம் பார்த்துப் பயப்படுகிறது. அந்த மரக்கன்றைக் கடிப்பது பகலிலா இரவிலா என்பது கன்றுக்கு ஒன்றுதான்.

அப்புறம் 2022-ல் வந்த பிரைஸ், லார்சன், மக்நல்ட்டி ஆய்வு. இதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன், அறிவியல் எவ்வளவு சாதாரணமான இடத்தில் வழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆஸ்பென் தோப்புகள் மீள்கின்றனவா என்று பார்க்க, முந்தைய ஆய்வுகள் ஒவ்வொரு தோப்பிலும் உயரமான ஐந்து இளங்கன்றுகளை அளந்தன. தோப்பின் அடுத்த தலைமுறையைத் தாங்கப்போவது அந்தக் கன்றுகள்தான் என்பதால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் எப்போதும் உயரமானதையே அளந்தால் மீதி எல்லாம் மேயப்பட்டுக் குட்டையாக நின்றாலும் கணக்கில் வராது. தோப்புக்குள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது போல எழுந்தமானமாகக் கன்றுகளைத் தேர்ந்தெடுத்து அளந்தபோது மீட்சி இருக்கத்தான் செய்தது, ஆனால் உயரமான ஐந்தை அளந்து வந்த மதிப்பு அதைப் போல 4 முதல் 7 மடங்கு பெரிதாக இருந்தது தெரிந்தது. ஓநாய் ஒன்றுமே செய்யவில்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சொல்லப்பட்ட அளவுக்குச் செய்யவில்லை என்கிறது.

இதே தகராறு 2025-ல் வில்லோவை வைத்து மறுபடி வெடித்தது. 2001 முதல் 2020 வரை ஆற்றங்கரை வில்லோவின் சராசரிக் கிளைப்பரப்பின் கன அளவு ஏறக்குறைய 1,500 சதவீதம் கூடியிருக்கிறது, வேட்டை விலங்கிலிருந்து தாவரம் வரை இறங்கும் தொடர்விளைவுகளில் உலகத்திலேயே பலமான ஒன்று இது என்று ரிப்பிள் குழு எழுதியது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைத் தலைப்பில் போட்டன. சில மாதங்களில் மக்நல்ட்டியும் கூட்டாளிகளும் அதே ஆய்விதழில் மறுப்பு எழுதினார்கள். கன அளவை யாரும் நேராக அளக்கவில்லை, உயரத்திலிருந்து கணக்குப் போட்டுவிட்டு அதையே உயரத்தோடு ஒப்பிடுவது சுற்றி வந்து அதே இடத்தில் நிற்பது என்றார்கள், ஆரம்ப ஆண்டில் அளந்த இடங்களும் கடைசி ஆண்டில் அளந்த இடங்களும் ஒன்றல்ல என்றார்கள். எனக்கு மறுப்புதான் வலுவாகப் படுகிறது. உயரம் கொஞ்சம் கூடினாலே கன அளவு பல மடங்கு பெருகும் என்பதால், அந்த 1,500 காட்டைப் பற்றிச் சொல்வதைவிட எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

ஆனால் இந்த விவாதத்திலேயே எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது புள்ளிவிவரச் சண்டை அல்ல, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாப்ஸ், கூப்பர் குழு 2001-ல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய அணைக்கட்டுச் சோதனைதான். ஓநாய் போனபோது மான்கள் வில்லோவைத் தின்றன, வில்லோ போனதால் பீவர் போனது, பீவர் போனதால் அணைகள் உடைந்தன, அணை இல்லாத ஓடை வேகமெடுத்துத் தன் படுகையைத் தானே அரித்துக் கீழே இறங்கியது, நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. ஓநாய் வந்துவிட்டது என்பதற்காக அந்த நீர் மேலே ஏறுமா? இதைத் தெரிந்துகொள்ள அவர்கள் ஓடைக்கரையில் சில இடங்களில் மான்கள் நுழையாதபடி வேலி போட்டார்கள், சில இடங்களில் பீவர் கட்டுவது போல அணை கட்டி நீரை உயர்த்தினார்கள், சில இடங்களில் இரண்டையும் செய்தார்கள், சிலவற்றைத் தொடாமல் விட்டார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில் வில்லோ மளமளவென்று வளர்ந்து, மான் வாய் எட்டாத 2 மீட்டரைத் தாண்டிப் போனது. வேலி மட்டும் போட்ட இடத்தில், ஒரு மான் கூட வாய் வைக்காத இடத்தில், வளர்ச்சி மந்தமாகத்தான் இருந்தது. அதாவது எந்த ஓநாய்க் கூட்டமும் கனவில் கூட நினைக்க முடியாத அளவுக்கு மேய்ச்சலை அடியோடு நிறுத்திப் பார்த்தும் தண்ணீர் இல்லாமல் புதர் எழவில்லை. பீவர் வர உயரமான வில்லோ வேண்டும், வில்லோ உயர பீவரின் அணை வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக்கொண்டு நிற்கின்றன. வடக்குப் பகுதியில் பீவர்கள் கொஞ்சம் கூடியிருப்பதும் உண்மைதான், ஆனால் 1986 முதல் 1999 வரை பூங்காவுக்கு வடக்கே உள்ள தேசியக் காட்டில் வனத்துறையினர் பீவர்களைக் கொண்டுவந்து விட்டதையும் சேர்த்தே அதைச் சொல்ல வேண்டும். எல்க் குறைந்த இடத்தை பைசன்கள் என்ற அமெரிக்கக் காட்டெருதுகள் நிரப்பிவிட்டன என்பதும் இருக்கிறது; பைசன்களும் வில்லோவையும் காட்டன்வுட்டையும் மேய்ந்து தடுக்கின்றன என்று ரிப்பிளே உடன் எழுதிய ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது, ஒரு பைசனை வீழ்த்துவது ஓநாய்களுக்குச் சுலபமும் இல்லை.

கொள்கை எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவாகவே இருக்கிறது: வேட்டை விலங்கை அழிப்பதால் வரும் சேதமும் அதைத் திருப்பிக் கொண்டுவருவதால் கிடைக்கும் மீட்சியும் சமமல்ல. இருக்கும்போதே காப்பாற்றுவதற்கு இதைவிட வலுவான வாதம் கிடையாது. ஓநாயைக் கொண்டாடும் பலர் இந்த ஆய்வைக் கண்டு சங்கடப்படுவது எனக்குப் புரிவதே இல்லை.

ஓநாய்கள் எதையும் மாற்றுவதில்லை என்று இன்னொரு பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில் 1958 முதல் ஓநாய்களையும் மூஸ் மான்களையும் இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மூஸ் கூடிய காலங்களில் ஃபிர் மரங்களின் ஆண்டு வளையங்கள் ஒடுங்கிப்போயிருப்பதை மக்லாரனும் பீட்டர்சனும் 1994-ல் காட்டினார்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் நலிந்து ஓநாய்கள் இரண்டே இரண்டாகச் சுருங்கியபோது மூஸ் பெருகி 2019-ல் சுமார் 2,060 ஆனது. 2018, 2019-ல் 19 ஓநாய்களைப் புதிதாகக் கொண்டுவந்து விட்டார்கள், 2023-ல் மூஸ் 1,000-க்குக் கீழே வந்துவிட்டது, பட்டினிக்கும் ரத்தம் குடிக்கும் உண்ணிப்பூச்சிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும். விஸ்கான்சினில் 2021-ல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, ஓநாய் வந்த மாவட்டங்களில் வாகனங்கள் மானில் மோதும் விபத்து 24 சதவீதம் குறைந்ததாகவும், அதனால் மிச்சமான பணம் ஓநாய் கொன்ற கால்நடைகளின் மதிப்பைப் போல 63 மடங்கு என்றும் கணக்கிட்டது. ஓநாய்கள் சாலை ஓரங்களை வழித்தடமாகப் பயன்படுத்துவதால் மான்கள் அங்கே நிற்பதைக் குறைத்துக்கொள்கின்றன, அதுவே முக்கியக் காரணம் என்பது அவர்கள் விளக்கம். யெல்லோஸ்டோனில் மரங்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்பட்டு நிரூபிக்க முடியாமல் போன அதே பயம், சாலையோரத்தில் வேலை செய்கிறது போலிருக்கிறது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு மாதிரி. அங்கே யாரும் ஓநாயைக் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை, சட்டம் காத்ததால் அதுவே நடந்து திரும்பியது. 2000-ல் ஜெர்மனியின் கிழக்கு எல்லையோரம் குட்டி போட்டது, இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சுமார் 20,000. ஆனால் அது வந்திருக்கும் நிலம் யெல்லோஸ்டோன் அல்ல, சாலையும் வயலும் மேய்ச்சலும் வேட்டையும் உள்ள நிலம். அங்கே மானின் எண்ணிக்கையை முடிவு செய்வது பெரும்பாலும் மனிதன், ஓநாயின் எண்ணிக்கையையும் அவன்தான் முடிவு செய்கிறான், ஆகவே காட்டுப் பூங்காவில் கண்ட விளைவை இங்கே எதிர்பார்க்க முடியாது என்று கைப்பரும் சகாக்களும் 2016-ல் எச்சரித்தார்கள். அப்படியிருந்தும் ஓநாய் ஆதரவுப் பிரச்சாரங்களில் யெல்லோஸ்டோன் ஆற்றின் கதையே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஆண்டுக்கு சுமார் 65,000 கால்நடைகள் ஓநாயால் சாகின்றன. மொத்த ஆடுகளோடு பார்த்தால் அது மிகச் சின்னப் பங்கு, ஆனால் அந்த இழப்பு எல்லோருக்கும் பகிர்ந்து விழுவதில்லை, மலைச்சரிவில் மந்தை வைத்திருக்கும் சிலர் தலையில்தான் விழுகிறது. அவர்களிடம் போய் ஆற்றின் கதையைச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்? 2024 டிசம்பரில் ஐரோப்பிய வனவிலங்குப் பாதுகாப்புக்கான பெர்ன் ஒப்பந்த நாடுகள் ஓநாயைக் கடும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்க வாக்களித்தன, 2025-ல் ஒன்றியத்தின் சட்டமும் அதே வழியில் திருத்தப்பட்டது.

சட்டம் தளர்ந்ததும் அடுத்த கேள்வி, ஓநாயைச் சுட்டால் ஆட்டுச் சாவு குறையுமா? இங்கேயும் அறிவியல் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க ராக்கி மலை மாநிலங்களின் 25 ஆண்டுத் தரவை வைத்து வீல்கஸும் பீபிள்ஸும் 2014-ல், ஓநாயைக் கொன்றால் கூட்டம் சிதறி அடுத்த ஆண்டு கால்நடைச் சாவு கூடுகிறது என்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு குழு அதே தரவை, அதே ஆய்விதழில், வேறு கணக்கில் போட்டு, குறைகிறது என்றது. வேட்டை விலங்குகளைக் கட்டுப்படுத்தும் முறைகளைப் பற்றி முறையான சோதனைகள் மிகக் குறைவு என்று ட்ரீவ்ஸ் குழு 2016-ல் எழுதியது எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கும் வேகத்தில் சோதனைகள் நடப்பதில்லை. 2021 பிப்ரவரியில் விஸ்கான்சின் 119 ஓநாய்களைச் சுட ஒதுக்கீடு செய்து வேட்டையைத் திறந்தது. மூன்று நாளுக்குள் 218 ஓநாய்கள் செத்துவிட்டன. எந்த ஆய்வும் அந்த எண்ணைக் கேட்கவில்லை.

1958 முதல் ஓநாய்களை ஆராய்ந்துவரும் டேவிட் மெக், அறிவியலாளர்களே ஓநாயைத் தெய்வமாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது என்று 2012-லேயே எழுதினார். ஓநாயை வெறுத்து எழுதியதல்ல அது, தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தவர் எழுதியது. நான் அவர் பக்கம்தான். ஓநாய் மரம் வளர்த்துத் தந்தால்தான் வாழலாம் என்றில்லை. நம்முடைய முன்னோர்கள் நஞ்சு வைத்துத் துரத்திய இடத்துக்கு அது திரும்புவது நியாயம், அதற்கான விலையை மந்தை வைத்திருப்பவர் மட்டும் கொடுக்காமல் எல்லோரும் பகிர்ந்துகொள்வதும் நியாயம். இவை மதிப்பீடுகள். மதிப்பீட்டை மதிப்பீடு என்று சொல்லியே வாக்குக் கேட்கலாம்.

அப்படி வாக்குக் கேட்டும் பார்த்தாயிற்று. கொலராடோ மாநில மக்கள் 2020 நவம்பரில் ஓநாயைத் திரும்பக் கொண்டுவர, 51 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஆதரவோடு, முடிவெடுத்தார்கள். 2023 டிசம்பரில் ஓரிகனிலிருந்து 10, 2025 ஜனவரியில் கனடாவிலிருந்து 15 ஓநாய்கள் வந்தன. கால்நடை ஒன்றுக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு தர அங்கே சட்டம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் எல்க் மேய்ச்சலிலிருந்து ஆஸ்பென்னையும் வில்லோவையும் காக்க 2008 முதலே வேலிகள் நிற்கின்றன, உள்ளேயும் வெளியேயும் செடிகளை அளந்தும் வருகிறார்கள். யெல்லோஸ்டோனில் பாதிச் சண்டை வந்ததே ஓநாய் வருவதற்கு முன்னால் இப்படிச் சரியாக அளந்து வைக்காததால்தான். கொலராடோவில் ஓநாய் அந்தப் பூங்காவில் நிலைகொள்வதற்கு முன்பே அளவுகள் கையில் இருக்கும், உயரமான ஐந்தை மட்டும் அளக்காமல் இருந்தால்.